48 மணி நேரத்துக்குப் பிறகும் மூச்சு வேண்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை,
தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் காயம்பட்டவர்களுக்கு மூச்சுப் பயிற்சி அளிக்கும் இயன்முறை சிகிச்சையாளராகச் சென்னையில் பணியாற்றி வருகிறேன். இருசக்கர வாகன விபத்து, கட்டடச் சாரத்திலிருந்து தவறி விழுதல், தென்னையோ பனையோ ஏறியவர் கை நழுவி விழுதல், நீர் வற்றிய கிணற்றில் தலைகீழாகக் குதித்தல் என்று காரணங்கள் வேறுபட்டாலும், என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்த இளைஞர்கள். கை கால் திரும்ப வருமா என்றுதான் வீட்டார் முதலில் கேட்கிறார்கள். மூச்சைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் கழுத்தில் அடிபட்டவரின் உயிருக்குப் பின்னாளில் உலை வைப்பவற்றுள் முதன்மையானது, வெளியே வர வழியில்லாமல் நுரையீரலில் தேங்கும் சளியும் அதிலிருந்து வரும் நிமோனியாவும்தான்.

ஆகவே இந்த மடல் மூச்சைப் பற்றியது. கழுத்துத் தண்டுவடக் காயத்துக்குப் பின் மூச்சை மீட்பதைத் தனியொரு சிகிச்சையாக அரசு ஏற்க வேண்டும் என்பதும், அதற்கு மணிக்கணக்கோ நாள்கணக்கோ போதாது, மாதக்கணக்கில் இடம் வேண்டும் என்பதும் என் கோரிக்கை.

2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், கையில் பணமோ காப்பீட்டு அட்டையோ இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்பது நம் மாநிலம் பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு. 108 ஊர்தியில் கழுத்துப் பட்டையுடன் வந்து சேர்ந்து பிழைத்தவர்கள்தாம் பிறகு என் கைக்கு வருகிறார்கள். அவர்கள் பிழைத்திருப்பதால்தான், அடுத்து என்ன என்று கேட்கும் நிலைக்கே நாம் வந்திருக்கிறோம்.

அந்தக் கேள்விக்கு விடை தேட, மூச்சு எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூச்சின் தாளம் பிறப்பது மூளைத்தண்டின் அடியிலுள்ள முகுளத்தில். அங்குள்ள ப்ரீ-போட்ஸிங்கர் தொகுதி என்னும் சிறு நரம்பணுக் கூட்டமே மூச்சை உள்ளிழுக்கும் தாளத்தை உண்டாக்குகிறது என்பதை, ஜெஃப்ரி ஸ்மித், ஜாக் ஃபெல்ட்மன் உள்ளிட்டோரின் குழு 1991-இல் எலிக்குட்டிகளின் மூளைத்தண்டில் காட்டியது. அந்தத் தாளம் தண்டுவடத்தின் வழியே இறங்கி, கழுத்துத் தண்டுவடத்தின் மூன்றாவது முதல் ஐந்தாவது கண்டம் (தண்டுவடப் பகுதி) வரை அமைந்துள்ள, தசைகளை அசைக்கும் இயக்க நரம்பணுக்களைச் சேர்கிறது. அங்கிருந்து கிளம்பும் ஃப்ரெனிக் நரம்பு, மூச்சை இழுக்கும் முதன்மைத் தசையான உதரவிதானத்தை இயக்குகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளுக்கு நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்திலிருந்தும், இருமுவதற்கு இன்றியமையாத வயிற்றுத் தசைகளுக்குப் பெரும்பாலும் அதன் கீழ்ப்பகுதியிலிருந்தும் நரம்புகள் வருகின்றன.

இதனால், ஐந்தாவது அல்லது ஆறாவது கழுத்துக் கண்டத்தில் அடிபட்ட ஒருவரால் ஓரளவு மூச்சை இழுக்க முடியும், இரும முடியாது. அவர் மூச்சை இழுக்கும்போது வயிறு மேலெழும். மேல்மார்பு விரிய வேண்டிய அதே நொடியில் உள்ளே அமுங்கும். அவரைப் படுக்கையிலிருந்து நிமிர்த்தி உட்கார வைத்தால் மூச்சு இன்னும் குறையும். வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதால் குடல் முன்னோக்கிச் சரிய, உதரவிதானம் தட்டையாகித் தன் பிடிப்பை இழக்கிறது. மூச்சுத் திணறினால் தூக்கி உட்கார வைப்பதே நம் வீடுகளின் வழக்கம் என்பதால், உட்கார்ந்ததும் அவருக்குத் திணறல் கூடுவதைக் கண்டு உறவினர்கள் அஞ்சிவிடுகிறார்கள். வயிற்றைச் சுற்றி ஓர் அகலப் பட்டையை இறுக்கிக் கட்டினால் அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி சரியாகும். விலை குறைவான அந்தப் பட்டை இல்லாமலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மேலே சொன்னது பாடநூலில் உள்ள படம்: மூளையிலிருந்து ஓர் இழை இறங்குகிறது, இயக்க நரம்பணுவைத் தொடுகிறது, தசை அசைகிறது. இழை அறுந்தால் எல்லாம் முடிந்தது என்ற முடிவுக்கு அந்தப் படம் எளிதாகக் கொண்டுபோய்விடும். ஆனால் தண்டுவடத்திலுள்ள நரம்பணுக்களில் மிகப் பெரும்பான்மையானவை இயக்க நரம்பணுக்கள் அல்ல, இடைநரம்பணுக்கள். அவை ஒரு நரம்பணுவிடம் பெற்ற சமிக்ஞையை மற்றொன்றுக்குக் கடத்துகின்றன. சில தூண்டுகின்றன, சில அடக்குகின்றன; சில இடப்பக்கத்தை வலப்பக்கத்தோடு இணைக்கின்றன; சில ஒரு கண்டத்திலிருந்து பல கண்டங்கள் தள்ளியுள்ள இடம் வரை நீள்கின்றன. கருவளர்ச்சியின்போது எந்த மரபணுக்கள் அவற்றில் செயல்பட்டன என்பதைக் கொண்டு அவற்றை வி-0, வி-1, வி-2, வி-3 என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். நரம்பியலில் இவை நெடுங்காலம் நடப்பது, கை நீட்டுவது, அனிச்சைச் செயல் ஆகியவற்றுக்காகவே ஆராயப்பட்டன. மூச்சில் இவற்றின் பங்கு அண்மைக்காலத்தில்தான் தெளிவாகி வருகிறது.

அதற்கான முதல் தடயம் மிகப் பழையது. 1895-இல் டபிள்யூ. டி. போர்ட்டர் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர், விலங்குகளின் கழுத்துத் தண்டுவடத்தை ஒரு பக்கத்தில் மட்டும், ஃப்ரெனிக் நரம்பணுக்களுக்கு மேலே வெட்டினார். அந்தப் பக்கத்து உதரவிதானம் நின்றுபோனது. பிறகு மறுபக்கத்து ஃப்ரெனிக் நரம்பையும் துண்டித்தார். அதுவரை அசையாதிருந்த பாதி உதரவிதானம் உடனே இயங்கத் தொடங்கியது. மூச்சு நிற்கப்போகும் நெருக்கடியில், தண்டுவடத்தின் குறுக்கே ஏற்கெனவே இருந்தும் பயன்படாமல் கிடந்த ஒரு பாதை திறந்துகொண்டது. நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப இந்தச் சோதனைக்கு வருவதற்குக் காரணம் இருக்கிறது. செயலற்றுப் போனது எல்லாம் செத்துப் போனது அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை நான் அறிந்தவரை வேறில்லை.

2018-இல் கனடாவின் டொரன்டோ நகர ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, இந்தக் கதையில் இடைநரம்பணுக்களின் இடத்தை நேரடியாகக் காட்டியது. நடுக்கழுத்திலுள்ள தூண்டும் வகை இடைநரம்பணுக்கள், காயம்படாத எலிகள் மூச்சுவிடத் தேவைப்படவில்லை; அவற்றை அமைதிப்படுத்தினாலும் மூச்சு நடந்தது. ஆனால் தண்டுவடம் மெல்ல மெல்ல நசுங்கிக் காயப்பட்ட எலிகளில் மூச்சைத் தாங்கி நின்றவை அவையே. திடீர்க் காயத்துக்கு உடனடியாகப் பின் அவற்றை மருந்தால் தூண்டியபோது, மூச்சுத் தசைகளின் இயக்கம் மீண்டது. இதற்கு முந்தைய ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ஜெரி சில்வரின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த ஆய்வு, அடக்கும் சமிக்ஞைகளை மருந்தால் நீக்கினால் தண்டுவடத்துக்குள்ளேயே உறங்கிக் கிடக்கும் ஒரு வலையமைப்பு உதரவிதானத்தை இயக்க வல்லது என்று காட்டியிருந்தது. வி-2ஏ எனப்படும் தூண்டும் வகை இடைநரம்பணுக்கள், உதரவிதானம் தளரும்போது கைகொடுக்கும் கழுத்துத் தசைகளையும் விலாத் தசைகளையும் மூச்சுக்கு அழைத்து வருகின்றன என்பதும் எலி ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது.

இவை எலிகள் என்பதை நான் மறக்கவில்லை. துறையும் மறக்க வேண்டாம். கூடுதலாகத் தூண்டினால் கூடுதலாக நலம் கிடைக்கும் என்ற கணக்கும் இங்கே செல்லாது. 2018-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், காயம்பட்டு ஒன்றரை ஆண்டு வரை கடந்த எலிகளுக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் ஒரு நொதியை ஒரே முறை செலுத்தி, நரம்பணுக்களைச் சுற்றி இறுகியிருந்த புறப்பொருளைத் தளர்த்தியபோது, முடங்கியிருந்த உதரவிதானம் விரைவாக மீண்டது. அவ்வளவு காலம் கடந்தும் அந்த வழி மூடிவிடவில்லை என்பது எனக்குப் பெரிய செய்தி. அதே ஆய்வில், குறைந்த ஆக்சிஜன் காற்றை விட்டுவிட்டுச் சுவாசிக்கச் செய்யும் பயிற்சியையும் சேர்த்தபோது மூச்சு மேலும் வலுப்பெற்றது; ஆனால் எலிகளில் ஒரு பகுதிக்கு மட்டும் உதரவிதானத்தின் இயக்கம் குலைந்து தாறுமாறானது. பலவற்றுக்கு நன்மை தந்த அதே சேர்க்கை, சிலவற்றுக்குத் தீமையாக மாறியது. ஆகவே எந்தச் சிகிச்சையை எப்போது கொடுப்பது என்பதைப் பயிற்சி பெற்றவர்கள் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த அளந்து பார்த்தல்தான் இன்று நம்மிடம் மிகக் குறைவாக இருக்கிறது.

ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். பெயின்டர் வேலை பார்த்தவர். சாரத்திலிருந்து விழுந்து நான்காவது கழுத்துக் கண்டத்தில் காயம். ஒரு மருத்துவமனையில் அவர் உயிரைக் காப்பாற்றினார்கள். தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். அது முறையான சிகிச்சைதான். ஆனால் சில வாரங்களிலேயே இவருக்கு வாழ்நாள் முழுவதும் வென்டிலேட்டர்தான் என்று குடும்பத்துக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் தானாக ஒரு மூச்சில் எவ்வளவு காற்றை இழுக்கிறார் என்று அளந்ததற்கான ஒரு குறிப்புகூட, அவர் கொண்டுவந்த தாள்களில் இல்லை. நான் முதலில் பார்த்தது அவருடைய கழுத்தை. குழாயைச் சில நொடிகள் கழற்றியதும், காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பு வரை இரு பக்கமும் தசைகள் கயிறாகப் புடைத்தன. வயிற்றின் வலப்பக்கம் இலேசாக உயர்ந்தது, இடப்பக்கம் அசையவில்லை. ஒரு பக்கத்திலாவது உதரவிதானத்துக்குச் சமிக்ஞை வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது போதுமான அடையாளம்.

அன்றிலிருந்து மாதக்கணக்கில் வேலை நடந்தது. வென்டிலேட்டரை விட்டுச் சில நிமிடங்கள், பிறகு ஓய்வு. அடுத்து இன்னும் சில நிமிடங்கள். தொண்டைக் குழாயில் பேச்சுக்கான அடைப்பிதழைப் பொருத்தி, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வேன். அது படுக்கையருகே செலவில்லாமல் மூச்சை அளக்கும் வழி. தொடக்கத்தில் நான்கைத் தாண்டாதவர், பின்னாளில் பதினைந்தைத் தொட்டார். இருமலுக்கு அவருடைய தாயாரின் கைகளைப் பழக்கினோம். தொப்புளுக்கும் விலாவின் கீழ்விளிம்புக்கும் நடுவே உள்ளங்கையை வைத்து, மகன் மூச்சை இழுத்து நிறுத்தும் வரை காத்திருந்து, "இப்போ இருமு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே உள்நோக்கியும் மேல்நோக்கியும் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் சளி நகராது. அந்த நேரக்கணிப்பு அவருக்குப் பிடிபட்ட பிறகு, சளி அடைத்து நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடுவது நின்றது. அந்த இளைஞர் இப்போது பகலில் தானாக மூச்சுவிடுகிறார். இரவில் மட்டும் கருவி. அவர் தண்டுவடத்தில் எந்த இடைநரம்பணு விழித்தது என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். வீக்கம் வடிந்ததும், தசை வலுப்பெற்றதும், சளி வெளியேறியதும், புதிய இணைப்புகள் உருவானதும் அவருக்குள் ஒன்றாகவே நடந்திருக்கும். ஆனால் முதல் வாரங்களின் தீர்ப்பை நம்பி அவரை அப்படியே விட்டிருந்தால், இவற்றில் எதற்கும் வாய்ப்புக் கிடைத்திருக்காது.

எனவே துறையிடம் நான் முதலாவதாகக் கேட்பது, அளவு. கழுத்துத் தண்டுவடக் காயத்துடன் அரசு மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு முழு மூச்சின் கொள்ளளவைப் படுத்த நிலையிலும் உட்கார்ந்த நிலையிலும், இருமலின் வேகத்தையும், குறிப்பிட்ட இடைவெளிகளில் அளந்து பதிவு செய்யச் சுற்றறிக்கை வெளியிடுங்கள். இருமலின் வேகம் நிமிடத்துக்கு 160 லிட்டருக்குக் கீழே இருந்தால் சளியைத் தானாக வெளியேற்றுவது கடினம் என்று மருத்துவம் கொள்கிறது. அதை அளக்க, ஊதும் காற்றின் வேகத்தைக் காட்டும், ஆஸ்துமா நோயாளிகளிடம் புழங்கும் சிறு பீக் ஃப்ளோ மீட்டரே போதும். இந்த அளவுகள் இல்லாமல் எந்த நோயாளியின் தாளிலும் வாழ்நாள் வென்டிலேட்டர் என்று எழுதக்கூடாது. எழுதினாலும் ஓராண்டு வரை மறுமதிப்பீடு கட்டாயம் என்று ஆக்குங்கள்.

அளந்த பிறகு சிகிச்சைக்குப் பணம் வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், கழுத்துக் காயத்துக்கான மூச்சு மறுவாழ்வு தனித் தொகுப்பாகத் தெளிவாக எழுதப்பட்டு, வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்கும் பயிற்சி, துணை இருமல் (அந்தத் தாயார் செய்ததுபோல் கையால் அழுத்தி இருமச் செய்தல்), வயிற்றுப்பட்டை, இருமல் உதவிக் கருவி, குடும்பத்தாருக்கான பயிற்சி ஆகியவை மாதக்கணக்கில் அதில் அடங்க வேண்டும். கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இதற்கு இயல்பான தலைமை இடம். 1954-இல் விபத்தில் தண்டுவடம் காயம்பட்டுச் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையத்தை நிறுவினார். இந்தத் துறையில் நாம் வெளியாரைப் பார்த்துத் தொடங்க வேண்டிய நிலையில் இல்லை.

வீட்டுக்குப் போன பிறகுதான் பலர் சளிக்குப் பலியாகிறார்கள். 2021 ஆகஸ்ட் முதல் நடந்துவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் ஏற்கெனவே வீடு தேடிப் போகிறார்கள். துணை இருமலையும், சளியைக் குழாயால் உறிஞ்சும் சக்ஷன் முறையையும், ஆம்பு பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுப்பதையும் அவர்களுக்குப் பயிற்றுவித்தால், புதிய பணியிடம் உருவாக்காமலேயே பாதி வேலை முடியும்.

ஆய்வைப் பற்றியும் ஒரு சொல். ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், மனிதக் கருவின் மூளையை 5,132 வெட்டுத்துண்டுகளாகப் படம்பிடித்து 'தரணி' என்னும் முப்பரிமாண வரைபடமாக 2024 டிசம்பரில் உலகுக்கு வெளியிட்டது. அத்தகைய திறன் இதே நகரில் இருக்கும்போது, மனிதக் கழுத்துத் தண்டுவடத்தின் இடைநரம்பணுக்களும் அந்த அளவு நுணுக்கமாகப் பார்க்கப்பட வேண்டும் என்று ஆசைப்படுவது மிகையாகாது. எழுந்து நிற்க உதவும் சக்கர நாற்காலியை உருவாக்கிய அதே வளாகத்தின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையத்திடம், மலிவான இருமல் உதவிக் கருவி ஒன்றை அரசு கேட்டுப் பெறலாம்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. எலிகளில் நடந்ததைக் காட்டி, ஸ்டெம் செல் ஊசி போட்டால் தண்டுவடம் சரியாகிவிடும் என்று இலட்சக்கணக்கில் பணம் பறிப்பவர்கள் இந்த நகரத்துக் குடும்பங்களைத் தேடி வருகிறார்கள். நகையை அடகு வைத்துவிட்டு என்னிடம் வந்து கேட்டவர்கள் உண்டு. இரத்தம் தொடர்பான குறிப்பிட்ட நோய்களைத் தவிர, மற்றவற்றுக்கு ஸ்டெம் செல்லை ஒழுங்குமுறைக்கு உட்பட்ட ஆய்வாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன. அதைத் தமிழில் ஒரு பக்கத் தாளாக அச்சிட்டு, ஒவ்வொரு தண்டுவடக் காய நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்போடும் இணைத்துக் கொடுங்கள். ஆக்சிஜனைக் குறைத்துச் சுவாசிக்கும் பயிற்சியை இணையத்தில் பார்த்து வீட்டில் முயலக்கூடாது என்பதையும் அதே தாளில் சேர்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, மிக அவசரமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வீட்டில் வென்டிலேட்டரோடு இருக்கும் ஒருவருக்கு அந்தக் கருவியின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். அதன் பிறகு வீட்டார் முறைபோட்டு ஆம்பு பையை அழுத்த வேண்டும். வீட்டு வென்டிலேட்டரில் உள்ளவர்களின் பட்டியலை மாவட்டவாரியாகத் தயாரித்து, மின்வாரியத்துக்கும் பேரிடர் மேலாண்மைத் துறைக்கும் 108 சேவைக்கும் கொடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஆம்பு பையையும் கூடுதல் பேட்டரியையும் வழங்குங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். மற்றக் கோரிக்கைகளுக்கு நிதிநிலை அறிக்கை வரை காத்திருக்க முடியும். இந்தப் பட்டியலை மட்டும் மழைக்கு முன் முடித்துத் தரக் கேட்டுக்கொள்கிறேன். நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும் தங்கள் விவரங்களைத் தர ஆயத்தமாக இருக்கிறார்கள். எந்த அலுவலகத்தில், யாரிடம் தர வேண்டும் என்று தெரிவித்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் இயன்முறை சிகிச்சையாளர்,
சென்னை.